எதிரறைப் பெண்ணின் பெயர்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, அம்மாவின் ஆய்வுக் கட்டுரைக்குப் பக்க எண் போட்டதுதான். அம்மா கடல் தாண்டிய பெருநகரத்தில், விடுதி அறையில், மடிக்கணினி முன்னால். மகள் இங்கே, தொழிற்சாலையிலிருந்து வந்த களைப்போடு, கைப்பேசித் திரையில் அம்மாவின் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு.

“முதல் பக்கத்துக்கு நம்பர் வரக் கூடாதும்மா. அது தலைப்புப் பக்கம்.”

“ஏன், அது என்ன மாப்பிள்ளையா? தனியா உக்காரணுமா?”

“கர்சரை ரெண்டாவது பக்கத்துல வை.”

“வெச்சாச்சு. ஐயோ, எல்லாப் பக்கமும் ஒண்ணுன்னே வருதுடி!”

ஒருவழியாகச் சரியானது. “குக்கர் கூப்பிடுது, வெச்சிடறேன்” என்றாள் அம்மா. அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை.

அம்மா பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். பிள்ளைகள் வைத்த பெயர் அட்லஸ் டீச்சர். காலமெல்லாம் சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினாளே தவிர, மாநில எல்லையைத் தாண்டியதில்லை. அப்பா போன மறுவருஷம், ஐம்பத்து மூன்று வயதில், வெள்ளத்தைப் பற்றிப் படிக்க உதவித்தொகையோடு இடம் வாங்கிவிட்டாள்.

“பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பையைத் தூக்கிட்டுக் காலேஜுக்கா?” என்று அத்தை மோவாயில் கை வைத்தாள்.

“அதுக்கெல்லாம் யாரும் ஸ்காலர்ஷிப் குடுக்கறதில்லையே, அண்ணி.”

போன இடத்தில் அந்த வாய்க்கு வேலை இல்லை. அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். முதல் நாள் வகுப்பில் அவள் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள், பேராசிரியர் என்று நினைத்து. அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும் மறுபடி தொடங்கினார்கள். பேருந்தில் எல்லா இடமும் நிறைந்த பிறகுதான் அவள் பக்கத்து இருக்கை நிறையும். சாயங்காலம் மகள் அழைத்தால் குரல் கரகரவென்று வரும்.

“சளியாம்மா?”

“இல்லடி. இன்னிக்கு இப்பதான் வாயைத் திறக்கறேன்.”

கல்லூரி அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட அதே ஊரில் ஒருவர் பெயர் வேண்டும். அம்மா மகளின் எண்ணைக் கொடுத்தாள். “அவங்க வந்து சேர ஒரு நாளாகும். இங்கேயே யாரும் இல்லையா?” என்று குமாஸ்தா கேட்டாள். அந்தக் கேள்வி அம்மாவைத் தைத்துவிட்டது. ஊரில் அவள் தெருவில் இறங்கி நடந்தால் நாலு பேர் வழிமறிப்பார்கள்.

“எதிர் ரூம்ல ஒரு பொண்ணு இருக்குன்னியே, அவளைக் கேளேன்” என்றாள் மகள்.

அந்தப் பெண் இன்னொரு நாட்டிலிருந்து மருந்தியல் படிக்க வந்தவள். பொதுச் சமையலறையில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அம்மாவால் எடுத்த எடுப்பில் கேட்க முடியாது. ஒரு டப்பாவில் சாதம் கலந்து எடுத்துக்கொண்டு போனாள். மழை, பாடம், துணி காயாதது எல்லாம் பேசினாள். கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பினாள்.

மறுநாள் டப்பா கதவருகே இருந்தது. பளிச்சென்று கழுவி, காலியாக.

“வெறும் டப்பாவைத் திருப்பித் தந்துட்டாடி. ஒரு துளி சர்க்கரையாவது போட்டிருக்கலாம். வேண்டாம்னு சொல்ற விதம் அது.”

“அவங்க ஊர்ல கழுவிக் குடுக்கறதே மரியாதையா இருக்கும்மா.”

“மருந்துக்குக்கூட ஒண்ணும் போடல. இதுல மரியாதை வேற.”

அதோடு அந்தப் பெண் சமையலறையில் இருக்கும் நேரத்தில் அம்மா அங்கே போவதை விட்டாள். அலுவலகத்திலிருந்து நினைவூட்டல்கள் வந்தபடி இருந்தன. மகள் அதட்டினாள், கெஞ்சினாள். அம்மா பிடி கொடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை எதிரறைப் பெண்ணே கதவைத் தட்டினாள். “நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? நீங்க என்னைப் பார்த்தாலே ஒதுங்கறீங்க.” அம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. டப்பா விவகாரத்தை விளக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டு தன் அறைக்கு ஓடி, இரண்டு இருமல் மிட்டாய்களைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

அன்று அம்மாவின் குரலில் கரகரப்பு இல்லை. “மருந்துக்குக்கூட போடலேன்னேன். மருந்தையே போட்டுட்டா!” சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள்: “கேட்டுட்டேன். உடனே சரின்னுட்டா. ‘இதைக் கேக்கவா இவ்வளவு நாள்?’ங்கறா.”

அந்த ஞாயிறு காலை அம்மா சமையலறைக்கு வராததைக் கவனித்தவள் எதிரறைப் பெண்தான். காவலாளியைக் கூட்டிவந்து கதவைத் திறந்தாள். அம்மாவுக்கு மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் பின்னாலேயே டாக்சியில் போனாள். மருத்துவமனையில் கல்லூரிப் பதிவைக் கேட்டுப் பார்த்தார்கள். அதில் இவள் பெயர் இல்லை. மேலே விடவில்லை. மத்தியானம் வரை கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மேலே தனியாகப் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் மகள் அங்கே போன பிறகு அந்தப் பெண் வாயாலேயே கேட்டாள். “நான் பக்கத்துல இருந்திருப்பேன்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் சரியென்ற மறுநாள், வெள்ளிக்கிழமை, அலுவலகம் திறந்துதான் இருந்தது. “இன்னிக்கே போய்ச் சொல்லேம்மா” என்று மகள் அன்று காலை சொல்லத்தான் செய்தாள்.

“இருடி. அவ பேரு நீளம், வாயில நுழைய மாட்டேங்குது. தப்பாச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு என்ன மரியாதை? ரெண்டு நாள் சொல்லிப் பழகிட்டு, திங்கக்கிழமை நேர்ல போய்ச் சொல்லிடறேன்.”