பதினேழாம் இருக்கையின் ஓய்வூதியம்

குடைத் தொழிற்சாலை மூடி இருபத்தாறு வருஷமாகிறது. அங்கே பத்தொன்பது வருஷம் குடைத்துணி தைத்தவளைத் தெருவில் இன்னமும் குடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது அவள் செய்வது பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கிற வேலை. அறுபத்தேழு வயது. ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதனடியில் தையல் இயந்திரம். கதவுக்கு ஒரே சாவி. அது அவளிடம் மட்டும்.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி, கட்ட முடியாவிட்டால் காலி செய்ய மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். கண் மங்கி வருவதால் கறுப்புத் துணி, கறுப்பு நூல் என்றாலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. மகன் வந்தான்.

"நம்ம வீட்ல ஒரு ரூம் சும்மாதானேம்மா கெடக்குது?"

"கெடக்கட்டும். அதுக்கென்ன கால் வலிக்குதா?"

மருமகள் தங்கமானவள். சிக்கலே அதுதான். அங்கே போனால் இவளை ஊசியைக்கூட எடுக்க விடமாட்டாள்.

தொழிற்சாலையில் மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, ஓய்வூதியத்துக்காக ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பெனியை இன்னொன்று விழுங்கி, அதை மற்றொன்று விழுங்கிவிட்டது. நாலு இடம் அலைந்து, ஐந்தாவதாக ஒரு மாடியில் பொறுமைசாலியான ஒரு குமாஸ்தாவிடம் வந்து சேர்ந்தாள்.

"உங்க பேர் இருக்கும்மா. பதினெட்டாம் நம்பர். ஆனா இருபத்திரண்டு மாசத்தோட நின்னுடுச்சு. சின்னத் தொகைன்னு அப்பவே முடிச்சுட்டாங்க."

"நான் பார்த்தது பத்தொன்பது வருஷம் சார். அதோட நான் உக்காந்தது பதினேழுல."

"பதினேழு வேற ஒருத்தங்க பேர்ல இருக்கு. அதுதான் பத்தொன்பது வருஷம் ஓடி..." குமாஸ்தா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

குடைக்காரம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தொழிற்சாலையில் எண் என்பது ஆளுக்கில்லை, இருக்கைக்கு. மேஜையில் பெயின்டால் எழுதியிருக்கும். சம்பளக் கவரிலும் எண் மட்டும்தான், பேர் கிடையாது. இவளுக்கு இடக்கைப் பழக்கம். நூலை இழுக்கும்போதெல்லாம் இவள் முழங்கை பதினேழில் இருந்தவளின் விலாவில் இடிக்கும். மூன்றாம் மாதம் அவள் எழுந்து நின்று, "ஓரத்துக்கு நீ போடி, என் எலும்பாவது மிஞ்சட்டும்" என்று இடம் மாறிக்கொண்டாள். மாறியதை மேலே ஆபீசில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி. அவருக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறமாட்டார். அந்தப் படிக்கட்டில்தான் இவளுடைய பத்தொன்பது வருஷமும் நின்றுபோயிருந்தது.

இடம் கொடுத்தவளை எல்லோரும் வெண்கலம் என்பார்கள், குரல் அப்படி. இருபத்திரண்டாம் மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டாள். பதினெட்டில் அப்புறம் ஆளே போடவில்லை, துணிக்கட்டை அடுக்கினார்கள்.

குமாஸ்தா வெண்கலத்தின் விலாசத்தைத் தர முடியாது என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தால் தானே அனுப்புவதாகச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

மகன் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அவங்க பேர்ல இருக்கு, அவங்களே கையெழுத்துப் போட்டா பணம் அவங்களுக்கு. ஏன்மா விட்டுத் தரணும்?"

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். மகன் தன் வீட்டில் அந்த அறைக்கு வெள்ளையடித்துவிட்டான். இவள் தட்டுமுட்டுச் சாமான்களைத் துணியில் சுற்றி வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு காலை நேரம் தெருக்கோடியிலிருந்தே குரல் கேட்டது. "ஏ, எலும்பை உடைச்சவளே! எந்த வீடுடி?"

தெருவில் பாதிப்பேர் ஜன்னலைத் திறந்தார்கள்.

வெண்கலம் உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "மகள் வீட்டுக்குப் போயிருந்தேன், நேத்துதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். போன வருஷம் அந்தக் கம்பெனியே எனக்கு எழுதுனான். ரெண்டு வருஷம்கூட முழுசாப் பார்க்காதவளுக்கு இவ்வளவு தர்றானாம், திருட்டுப்பயன்னு கிழிச்சுப் போட்டேன்."

"ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா உனக்கே வந்திருக்கும்டி."

"வந்திருக்கும். அப்புறம் உன் முழங்கை கனவுல வந்து இடிக்கும். கிளம்பு, கிளம்பு."

குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இடம் மாறினதுக்கு ஆதாரம் வேணுமேம்மா."

வெண்கலம் பையிலிருந்து ஒரு பழுப்பேறிய புத்தகத்தை எடுத்து வைத்தாள். அவள் போய்ச் சேர்ந்தது பஸ் கம்பெனியில், கண்டக்டராக. முப்பது வருஷப் பணிப் பதிவேடு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. "அந்த வருஷமெல்லாம் நான் பஸ்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்தேன் சார். ஒரு கையால டிக்கெட், மறுகையால குடையா தைச்சேன்?"

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். அந்த அலுவலகத்தில் அது அபூர்வம் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்துத் தருவதாகப் பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது.

மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றேன்டா. தூங்குறது என் வீட்ல," என்றாள். "வெள்ளையடிச்ச ரூம்ல நீ போய்ப் படு. உன் குறட்டையிலேர்ந்து என் மருமகளுக்காவது விடுதலை."

மூன்று மாத முடிவில் வீட்டுக்காரர் வந்தார். காலி செய்வதைப் பற்றிப் பேசத்தான் வந்திருப்பார். புது வாடகையை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"ஏத்துன வாடகை சரியா இருக்கா பாருங்க. சரியா இருந்தா, சமையலறைக் குழாய் ஒழுகுது. அதையும் பாருங்க."