வைர வயலில் நான் கண்டெடுத்த கல்

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் நடந்தது இது. பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பள்ளியில் நான் புவியியல் டீச்சர். வீடு ஹெப்பகோடியில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை.

அன்று ஒன்பதாம் வகுப்பில் வைரம் கிடைக்கும் இடங்களைப் பற்றிப் பாடம். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி, போட்ஸ்வானா, சைபீரியாவில் ஓர் ஊருக்குப் பக்கத்திலேயே வாய் பிளந்து கிடக்கும் பெரிய பள்ளம், நம் நாட்டில் பன்னா என்று உலகப் படம் முழுக்கக் குச்சியால் தட்டிக்கொண்டே வந்தேன். பெங்களூரிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போனால், அனந்தபூர் பக்கத்துக் கிராமங்களில் முதல் மழை பெய்ததும் ஜனங்கள் வயலில் இறங்கி வைரம் தேடுவார்கள் என்றும் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இவ்ளோ கிட்டதானே இருக்கு, நீங்க போயிருக்கீங்களா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. வருகிற ஞாயிறே போகிறேன், திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் என் முகத்தையே பார்த்தார். "வைரம் தேடறது இருக்கட்டும். உன் மூக்குத்தியில கல்லு ஆடுதுன்னு ரெண்டு மாசமா சொல்றேன். மொதல்ல அதை ஆசாரிகிட்ட குடு" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே வைரம் அந்த ஒற்றைக்கல் மூக்குத்திதான். ஆம்பூரில் இருந்த என் அம்மா, கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் மூக்கிலிருந்து கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அதைக் கழற்றி ஒரு நாள்கூட ஆசாரியிடம் விட்டு வர எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். எதையாவது யோசித்தால் உடனே என் விரல் அந்தக் கல்லைத் தொட்டுவிடும்.

சனிக்கிழமை மதியம் கிளம்பி, அந்தக் கிராமங்களுக்குப் பக்கத்துக் குந்தக்கல்லில் லாட்ஜில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் வயலுக்குப் போனோம். அடேயப்பா! திருவிழாக் கூட்டம். தார்ப்பாய் கூடாரம், குக்கர் விசில், டீக்கடை, பஜ்ஜிக்கடை. வயலுக்குள் மட்டும் சத்தமே இல்லை. ஆளாளுக்குக் குனிந்து, மண்ணைப் பார்த்தபடி அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நானும் இறங்கினேன். கணவர் பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கார் நிழலில் படுக்கப் போய்விட்டார். அவரைத் தமிழில் நான் நாலு வார்த்தை திட்டியதைக் கேட்டு ஒரு பெண் சிரித்தபடி வந்தார். எங்கள் ஹெப்பகோடிக்குப் பக்கத்து அத்திபெலேயில் பூ கட்டி விற்பவராம்; நான் டீச்சர் என்று சொன்னேன். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாயில் அக்கா என்றுதான் வந்தது.

"வெயிலுக்கு முதுகு காட்டி நடக்கறீங்களே டீச்சர். சூரியனைப் பாத்து நடங்க. அப்பதான் கல்லு கண்ணுல அடிக்கும்."

நான் சும்மா இருப்பேனா? எரிமலை, வைரத்தை மேலே சுமந்து வரும் கிம்பர்லைட் பாறை, மழையில் மேல்மண் கரைந்து கல் வெளியே தெரிவது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். ஆறு வருடமாக வருகிறாராம். ஒரு பொடிக் கல்லும் கிடைத்ததில்லையாம்.

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"வருஷம் பூரா ஊருக்குப் பூ கட்டறேன். இந்த நாலு நாளு எனக்கு. கெடைச்சா ஒரு கடை பிடிக்கணும், பிளாட்பாரத்துல ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப்போச்சு."

மணி ஒன்பது இருக்கும். கையெல்லாம் சேறு. தேடிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் குனிந்துகொண்டிருந்தேன். என் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒன்று மின்னியது. நகத்தால் நெம்பி எடுத்தேன். சேற்றுக்குள்ளிருந்து நீலமும் சிவப்புமாக ஒளி தெறித்தது.

"கிடைச்சிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் வயலே நிமிர்ந்தது.

ஓடி வந்தவர்களில் முந்திக்கொண்டவர் ஒரு தரகர். கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பெங்களூர் வண்டியைக் கவனித்திருப்பார் போல, கன்னடத்தில் ஒரு தொகை சொன்னார். என் பாதி மாதச் சம்பளம். யாரிடமும் காட்டாதீர்கள், காட்டினால் தகராறு வரும், உடனே கை மாற்றிவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கடைசி பெஞ்சு முகம் எப்படி இருக்கும் என்பதுதான் மனசில் ஓடியது. சரி என்று தலையாட்டி, கல்லை நீட்டியும் விட்டேன்.

அப்போதுதான் பூக்கார அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். எனக்குக் கிடைத்துவிட்டதே என்று அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கல்லைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதீங்க. மொதல்ல கையைக் கழுவிட்டு மூக்கைத் தொட்டுப் பாருங்க."

சேற்றுக் கையென்பதால் காலையிலிருந்து நான் மூக்கைத் தொடவே இல்லை. அவர் பாட்டில் தண்ணீரை ஊற்ற, விரலைக் கழுவித் தொட்டேன். வெறும் குழி. தங்கக் கூடு மட்டும் இருந்தது, கல் இல்லை. என் அம்மாவின் கல்லைத்தான் விற்கப் போயிருந்தேன்! கல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"மண்ணுக்குள்ள யாரு டீச்சர் பட்டை தீட்டி வெச்சிருப்பாங்க?" என்றார் அக்கா.

தோண்டி எடுக்கும் வைரம் மங்கலான கண்ணாடித் துண்டு மாதிரிதான் இருக்கும் என்று மூன்று நாள் முன்புதான் கரும்பலகையில் கோடு போட்டு எழுதியிருந்தேன். தரகருக்கும் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவர் கோபமாக அக்காவிடம் தெலுங்கில் ஏதோ கத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"எனக்குக் கல்லு கெடைச்சா அவரு வாங்கமாட்டாராம். மொதல்ல கெடைக்கட்டும் சாமி!" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட, சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

கூச்சல் கேட்டு வந்த கணவர், ஆசாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் வீடு வரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டே கார் ஓட்டினார்.

திங்கட்கிழமை வகுப்பில் எதையும் மறைக்காமல் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்று சாயங்காலமே ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து கல்லை இறுக்கிப் பதிக்க வைத்தேன். அக்காவுக்கு இந்த வருடமும் கல் கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை அத்திபெலே போய் அவரிடம்தான் பூ வாங்குகிறேன். விரல் மூக்குத்தியைத் தொடும்போதெல்லாம் முன்பு அம்மா முகம் மட்டும் நினைவுக்கு வரும். இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலும் கையுமாக இன்னொரு முகமும் வந்து நிற்கிறது.