நீலப்பூச் செடிக்கு முடிவெட்டியவர்

அந்த நூலகத்துத் தோட்டக்காரருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கையில் எப்போதும் வேலிச் செடி வெட்டும் பெரிய கத்தரி இருந்ததால் கேன்டீன்காரர் வைத்தது. "கத்தரி வந்தாச்சு, காய் எங்கே?" என்று அவர் கேட்காத நாளில்லை. இவருக்கும் உள்ளூரப் பெருமைதான். வேலியைச் சுவர் மாதிரி நிறுத்துவார், குரோட்டன்ஸைப் பந்தாக உருட்டுவார். இருபத்திரண்டு வருடமாகச் செடியிடமும் சரி, மனிதரிடமும் சரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். யாராவது ஏதாவது சொல்லித்தர வந்தால் மட்டும் காது கேட்காது.

வாசலின் இரு பக்கமும் பன்னிரண்டு நீலப்பூச் செடிகள். பெல்ட் வாரைப் போல நீண்ட இலைகள் அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பி வளைந்து விழும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை நடுவிலிருந்து தண்டு நீண்டு பூக்கும். தன் வீட்டுச் செடியைப் பிரித்துக் கொண்டுவந்து நட்டவர் நூலகர் அம்மா. அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். கடைசி நாள் படியிறங்கும்போது இரு பக்கமும் பூ இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"நுனியெல்லாம் காஞ்சு கெடக்கு, கொஞ்சம் எடுத்து விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாரம் வெளியூர் போனார்.

நுனி என்றால் நுனிதானே! இந்த வகைச் செடியில் காய்ந்த இலையை ஒவ்வொன்றாக அடியோடு எடுக்க வேண்டும். பாதியில் வெட்டினால் வெட்டிய இடமே காயும். இது அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. யாரோ எப்போதோ சொன்னார்கள், காதுதான் கேட்காதே. பெரிய கத்தரியை எடுத்தார். பன்னிரண்டு செடிக்கும் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக முடிவெட்டி விட்டார். அரைமணி நேர வேலை. பெருக்கும் பெண் பின்னாலேயே வந்து துண்டுகளைச் சாக்கில் அள்ளினாள்.

"எல்லாம் ராணுவத்துல சேரப் போற மாதிரி இருக்குண்ணே," என்று சிரித்தாள்.

ஐந்தாம் நாள் சாயம் வெளுத்தது. எல்லா இலையும் வெட்டுப்பட்ட இடத்தில் பழுத்துச் சுருண்டது. நடுவில் விலக்கிப் பார்த்தார். இலையோடு இலையாகக் கிளம்பியிருந்த பூத்தண்டுகள் தலையில்லாமல் நின்றன.

நூலகர் திரும்பி வந்த காலை, நூலக மேலாளர் எல்லோரையும் வாசலில் கூட்டினார். அவருக்குக் கிடைத்த ஒரே துப்பு, பெருக்கும் பெண்ணின் சாக்கில் ஒட்டிக்கிடந்த இலைத் துண்டுகள்.

"நீதானேம்மா வெட்டினே?"

அவள் பதறவில்லை. ஒன்பது வருடமாக ஒரே தெருவில் குடியிருப்பவர், அவள் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடும் மனிதர், பக்கத்திலேயே நிற்கும்போது என்ன பதற்றம்?

"அண்ணே, சொல்லுங்கண்ணே," என்றாள்.

கத்தரி நூலகரின் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பெயர் ஒரு நொடியில் போகப்போவது தெரிந்தது.

"நான் அன்னிக்குப் பின்பக்கம் இருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். ஊரின் மறுகோடியில் இருந்த கிளை நூலகத்துக்கு அவளை மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

கத்தரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போதுகூட முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேன்டீன்காரர் காய் கேட்டதற்கு எரிந்து விழுந்தார். தெருவில் அவள் எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கினார். இந்த வயதில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு!

பத்தாம் நாள் சோறு போடும்போது மனைவி கேட்டாள்: "எங்க என் நாத்தனாரை ஆளையே காணோம்? நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது, அதுதான் விஷயமே என்று. கை கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் நூலகத்தைத் திறந்ததும் நூலகர் முன்னால் போய் நின்றார். "அம்மா, வெட்டினது நான். அந்தப் பொண்ணு அள்ளினா, அவ்வளவுதான்."

"செடி அடுத்த வருஷம் பூக்கும், நான் வந்து பாத்துக்குவேன். நீங்க அவ முகத்த எப்படிப் பாப்பீங்க?" என்றார் நூலகர். மேலாளர் எல்லாவற்றையும் எழுதி வாங்கி, கண்டித்துக் கடிதம் கொடுத்தார். அது கத்தரிக்கு வலிக்கவே இல்லை.

திங்கட்கிழமை அவள் பழைய இடத்துக்குத் திரும்பினாள். கத்தரி வாசலில் தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு எடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சுடு."

அவள் சாக்கை அவர் பக்கத்தில் வைத்தாள். "காஞ்சதெல்லாம் இதுல போட்டு வைங்க சார். அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

குரலில் கோபமே இல்லை. மேலாளரிடம் பேசும் அதே மரியாதைதான். ஒன்பது வருடத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.