அன்று காய்ச்சலில் கிடந்தவர்

பெங் ஷௌயி ஒரு ஃபிலிம் சுருளை ஊறுகாய்ச் சாடியில் ஒளித்து வைத்திருக்கிறாராம். காய்கறிச் சந்தையில் கிளம்பிய இந்தப் பேச்சு முடிதிருத்தும் கடைக்குப் போய், அங்கிருந்து பெய்ஜிங்கின் மேற்குக் கோடி வரை போய்விட்டது. பெங்கின் காதுக்கு வந்தது கடைசியில்தான். சொன்னவர் கீழே பெட்டிக்கடை வைத்திருக்கும் ஹௌ.

"சாடியைக் கொஞ்சம் தெறந்து காட்டுய்யா. உள்ள முள்ளங்கி கெடக்கா, ஒன் தலையெழுத்து கெடக்கான்னு பாத்துடுவோம்."

சாடியில் முள்ளங்கி மட்டும்தான் இருந்தது. பெங் ஒரு மாலைப் பத்திரிகையில் முப்பது வருஷம் புகைப்படக்காரராக இருந்தவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஊருக்குள் பட்டாளம் புகுந்து சுட்ட அந்த ஜூன் மாதத்தில், தெருவில் எடுத்த மூன்று சுருள்களை இருட்டறைக்குள் கொண்டுபோய், தன் கையாலேயே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இழுத்தார். வெளிச்சம் பட்டதும் எல்லாம் போயிற்று. பிறகு, அன்று எங்கே இருந்தேன், யாரைப் பார்த்தேன் என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரும் மணிவாரியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் காய்ச்சலில் கிடந்தேன், மனைவி தினைக்கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்று எழுதினார். விவரம் போதாதென்று இரண்டு முறை திருப்பியனுப்பினார்கள். மூன்றாம் முறை காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது வரை எழுதினார். வேலை பறிபோகாமல் தப்பியது.

மே மாதக் கடைசியில், அந்த வதந்தியைப் பிடித்துக்கொண்டு துங் அம்மாள் வந்தாள். எழுபது வயது. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குமுன்பே துணிப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த ஜூனில் பட்டாளத்தின் குண்டுக்குப் பலியானவன். அதிகாரிகள் அவளிடம் கொடுத்த தாளில் விபத்து என்று இருக்கிறது.

"ஃபிலிம் கிலிமெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. கடைசியா அவன் என்ன பண்ணிட்டிருந்தான்னு, பாத்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். ஓடினானா, நின்னானா?"

பெங்குக்கு முகம் உடனே தெரிந்துவிட்டது. தபால் நிலையத்து முனை. பையன் ஓடவும் இல்லை, நிமிர்ந்து நிற்கவும் இல்லை. அடிபட்டுக் கிடந்த ஒருத்தியைக் குனிந்து தூக்கி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டாவது சுருளில் இருந்தது அது.

"அன்னைக்கு நான் வீட்டுல கெடந்தேன்க்கா. காய்ச்சல்" என்றார். அவள் கேட்காமலேயே, "முப்பத்தெட்டரை டிகிரி" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் தேநீரைத் தொடவில்லை. கையில் கிடைத்த பழைய பத்திரிகையின் ஓரத்தில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினாள்.

"காய்ச்சல் எறங்கினாக் கூப்பிடு தம்பி."

அவள் போனபின் மனைவி ருயிலான் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். அந்தப் பையனைத் தான் பார்த்ததை பெங் மெதுவாகச் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை.

"எப்படிப் பாத்திருப்ப? நீதான் படுத்துக் கெடந்தியே."

"என் செருப்புல இருந்த ரத்தத்தை அலசினது நீதான, ருயிலான். மூணு தண்ணி மாத்தின."

"கஞ்சிதான் வெச்சேன். சீனி பத்தலைன்னு திரும்பக் கேட்ட."

பெங் அவள் கண்ணைப் பார்த்தார். பொய் சொல்கிற கண்ணாக அது இல்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளில் சீனியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அதன்பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தாள் எழுதியவனையும் மீறி வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் தானும் அந்தக் கஞ்சியின் இனிப்பை நாக்கில் உணர்ந்துவிடுவோம் என்ற பயம் பிடித்தது. நான்காம் நாள் காலை, பத்திரிகை ஓரத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வீட்டுத் தொலைபேசியை அவர் நம்பவில்லை.

ஹௌ கடைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். பெங் எண்களை அழுத்தினார். சீட்டிலிருந்த பெயரை எட்டிப் பார்த்ததும் ஹௌ குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மாவா? மகன் செத்த தேதி நெருங்குதுல்ல. இங்க இருந்து எதுவும் பேசிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் இந்த நேரத்துக்கு ஊர்சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. போலீஸ் செலவுல கடல் பாக்குற யோகம் யாருக்கு வரும்? வெச்சிடுய்யா."

பெங் வைக்கவில்லை. 'குனிஞ்சிருந்தான்க்கா' என்ற முதல் சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.