நாற்பத்தைந்து நாள் என்று சொன்னவள்

பட்டுக் கம்பெனியின் திட்ட மேலாளர் ஸௌந்தரராஜன் போட்ட மூன்றாவது ரோட்மேப் இது. முதல் இரண்டும் முதலாளி தர்மசந்திரனின் பீரோவில் தூங்குகின்றன. பட்டு கொள்முதல், சாயம், நெசவு, நான்கு கடைகளின் விற்பனை, எல்லாம் மூன்றே ஆண்டில் ஒரே கம்ப்யூட்டர் திட்டத்துக்குள் வர வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஐம்பத்து நான்கு வயதில், ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சியே மனிதருக்கு அலுத்துவிட்டது.

திட்டத்தின் முதல் படி, உண்மையைச் சொல்வது. அதுதான் யாருக்கும் வரவில்லை. சரக்கு எப்படியும் தாமதமாகும் என்று கடைக்காரர்கள் அறுபது புடவைக்கு நூறு கேட்பார்கள். சாயப்பட்டறையில் நான்கு நாள் வேலைக்கு எட்டு நாள் சொல்வார்கள். எல்லாரும் கூடிப் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்?

ஐயம்பேட்டையில் முப்பது தறிகளைக் கவனித்துக்கொள்பவள் இளவரசி. தறியில் ஒரு தடவை நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு; ஒரு பாவில் மூன்று புடவை. நெய்து முடிக்க அறுபது நாள் என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

"நெஜத்த சொல்லுமா. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றார் ஸௌந்தரராஜன்.

"நாப்பத்தஞ்சு சார். உங்கள நம்பித்தான் சொல்றேன்."

அந்த ஓர் உண்மையை வைத்தே ரோட்மேப் எழுந்து நின்றது. தர்மசந்திரன் முதல் தடவையாகக் கை கொடுத்தார்.

வைகாசியில் எல்லாம் கவிழ்ந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்கு எந்த நெசவாளியும் லீவு கேட்பதில்லை. தறியை விட்டு எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். உற்சவம் முடியும்வரை பாதித் தறி ஓடாது. கேட்காத லீவை யாரும் எழுதி வைத்ததுமில்லை. மழை, காய்ச்சல், சாவு, திருவிழா எல்லாம் இளவரசியின் அந்தப் பதினைந்து நாள் பொய்க்குள்தான் பத்திரமாக இருந்தன. சின்ன காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த ஸௌந்தரராஜன், கருட சேவையன்று விடியற்காலைக் கூட்டத்தில் அதே நெசவாளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார். அப்போதும் உறைக்கவில்லை.

கடைகளுக்குப் புடவை போய்ச் சேரவில்லை. "நாப்பத்தஞ்சுன்னு அந்தம்மாதானே சொன்னாங்க?" என்று தர்மசந்திரன் பன்னிரண்டு தறிகளை அவளிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்.

தப்பு தன்னுடையது என்று ஸௌந்தரராஜன் சொல்லத்தான் செய்தார்.

"உங்க பிளான் நல்லாத்தான் இருக்குது சார். ஆளுங்கதான் சரியில்ல" என்றார் முதலாளி. அந்தப் பாராட்டு ஸௌந்தரராஜனுக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் படிக்காக மறுபடி ஐயம்பேட்டைக்குப் போனார். இளவரசி நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"ஒரு பாவுக்கு எத்தன நாள் போடட்டும்மா?"

"எழுவது சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுபது என்று எழுதிக்கொண்டு எழுந்தார்.