எலி வாடை

கடல் கடந்து வந்த இந்த வெள்ளைக்காரர் ஊரில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஊசியோடு வருகிறார்கள். மகள் பிறந்த ஏழாம் நாள் மிட்வைஃப் என்கிற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து, பிஞ்சுக் குதிகாலில் குத்தி, ஓர் அட்டையில் இருந்த வட்டங்களை ரத்தத்தால் நிரப்பினாள். போதாததற்கு, குழந்தையின் இடுப்புத் துணியைக் காட்டி, "நாப்பியில் எலி வாடை அடிக்கிறதா?" என்று கேட்டாள். கறுப்பர்கள் வீடென்றால் எலி இருக்கும் என்ற நினைப்பு! "எங்கள் வீட்டில் எலி கிடையாது. தினமும் கழுவுகிறேன்" என்று சீறினேன். அவள் பதறிப்போய், வீட்டைச் சொல்லவில்லை, மூத்திரத்தைச் சொன்னேன் என்றாள். மீன், முட்டை, பாலில் உள்ள ஒரு சத்தைச் சில குழந்தைகளின் உடம்புக்குச் செரிக்கத் தெரியாதாம். அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்குமாம். தோல் வெளுக்கும், முடி செம்பட்டையாகும், அந்த வாடை வரும். பிறந்தவுடனே இந்த ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து, அந்தச் சத்தைக் குறைத்துத் தனி மாவுப்பால் கொடுத்தால் மூளை தப்பிக்கும். வளர்ந்தபின் பெரிதாக எதுவும் மீளாது என்றாள்.

ராயபுரத்தில் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு, எங்கள் குடும்பத்தில் யாருக்குமில்லாத வெள்ளைத் தோல், செம்பட்டை முடி. ஐந்து வயதிலும் பேச்சு வரவில்லை. எத்தனை முறை குளிப்பாட்டினாலும் வாடை போகாது. "இன்னாக்கா, உன் வூட்ல எலி செத்துக் கீதா? ஒரே கலீஜா நாறுது" என்று அம்மாவிடம் கேட்பாள் பக்கத்து வீட்டு பிலோமினா. நானும் மூக்கைப் பொத்தியவள்தான். ஸ்டெல்லா தொட்ட தட்டில் சாப்பிட மாட்டேன். அதை நினைத்தால் இன்று என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அப்பா துறைமுக வேலை முடிந்து காசிமேட்டில் மீன் வாங்கி வருவார். மீன் தலை ஸ்டெல்லாவுக்குத்தான். "துன்னும்மா, மீன் துன்னா மூள வளரும்" என்று அம்மா முள் எடுத்து ஊட்டுவாள். வால் துண்டு தின்ற எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவளுக்கு அந்த வியாதிதானா என்று யாரும் சோதிக்கவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை.

மகளுக்கு ஒன்றுமில்லை என்று தகவல் வந்த வாரமே அம்மாவின் ஏரோகிராம் கடிதமும் வந்தது. "ஸ்டெல்லாவுக்கு இன்னும் நான்தான் ஊட்டிக்கினு கீறேன். உம் பொண்ணுக்குப் பல்லு மொளச்சா மீன் குடு, மறந்துடாத."

நீ ஊட்டியதுதான் அவளைக் கெடுத்தது என்று அம்மாவுக்கு எப்படி எழுதுவேன்? "சரிம்மா, குடுக்கிறேன்" என்று எழுதி ஒட்டினேன்.

இப்போது மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. முள் எடுத்து மீன் ஊட்டுகிறேன். பிறகு நாப்பியைப் பிரித்து, யாருமில்லாதபோது முகர்ந்து பார்க்கிறேன். பவுடர் மணம்தான். ஒவ்வொரு முறையும் நிம்மதியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ராயபுரத்து வீட்டின் வாடையைத் தேடி மறுபடி முகர்கிறேன்.