சாம்பல் பக்கத்து நண்டு

2001 நவம்பர் 12, காலை ஆறு இருபது. தூறல். எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் பின்வாசலில் நெட்டுக்குப்பத்து நண்டுக்காரம்மா ஒரு நீல வாளியை இறக்கி வைத்தார். நான் உதவியாளன், எண்ணி எடுப்பது என் வேலை. கறுப்புக் கயிற்றில் ஆறு, அனல்மின் நிலையத்தின் சாம்பல் விழும் பக்கம். வெள்ளைக் கயிற்றில் ஆறு, முகத்துவாரம். மொத்தம் பன்னிரண்டு. சரியாக இருந்தது.

நண்டின் இரத்தத்தில் சில புரதங்கள் உண்டு. கிருமியின் மேலுள்ள சர்க்கரையைத் தொட்டு அறிந்து, பற்றிக்கொண்டு, கிருமிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். பிறவியிலேயே வந்த காவல் அது. நம் இரத்தத்திலும் அந்த வகை இருக்கிறது. சாம்பல் தண்ணீரில் இந்தக் காவல் குறைகிறதா என்பதே பேராசிரியரின் ஆய்வு. சாம்பலை நிறுத்தச் சொல்லிக் குப்பத்தார் கொடுத்த மனுவுக்கு அதைவிட்டால் வேறு சான்று இல்லை.

நண்டு இரத்தத்தை ஆய்வுத் தட்டின் குழிகளில் குழிக்குக் குழி பாதியாக நீர்க்கவைத்து, முயலின் சிவப்பணுக்களைச் சேர்ப்பேன். புரதம் போதுமான அளவு இருந்தால் அணுக்கள் ஒட்டிக்கொண்டு விரிப்பாகப் படரும். இல்லையென்றால் அடியில் பொத்தான்போல் உட்காரும். எத்தனை குழிவரை விரிப்பு போகிறதோ அத்தனை பலம் காவலுக்கு. பன்னிரண்டு நண்டுக்கும் ஏழாவது குழிவரை விரிப்பு. ‘சாம்பலால் பாதிப்பில்லை’ என்று அறிக்கை போனது. மனு தள்ளுபடியானது.

அடுத்த மாதம் ராயபுரம் மீன் சந்தையில் நண்டுக்காரம்மாவைப் பார்த்தேன். நண்டெல்லாம் நன்றாக இருந்ததா என்று பெருமையாகக் கேட்டார். இரண்டு பக்கத்து நண்டும் ஒன்றுபோலவே இருந்தது என்றேன்.

“அந்தாண்ட நண்டு கலீஜு சாரு, ஓடெல்லாம் கறுப்பா புண்ணு. அத்தப் போயி படிச்சவங்க கைல குடுப்பனா? பன்னண்டும் முகத்துவாரத்து நண்டுதான். நீ கேட்டியேன்னு பாதிக்கு கறுப்புக் கவுறு கட்னேன்.”

கெட்ட நண்டை யார் கையிலும் கொடுத்ததில்லை அவர். நண்டு கேட்டது எதற்கென்று நான் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது.

“மனுவுல என் வூட்டுக்காரரும் கைநாட்டு வச்சிகீறாரு. முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சாரு?”

எத்தனை, என்ன எடை, எந்தக் கயிறு என்று எல்லாம் சொன்ன நான் அதைச் சொல்லவில்லை. என்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

மறுநாள் நானே நெட்டுக்குப்பம் போய், அதே நீல வாளியில் ஆறு புண் நண்டுகளை வாங்கி வந்தேன். இரண்டாவது குழியோடு விரிப்பு நின்றுவிட்டது. தாளைப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன்.

“அறிக்கை போயாச்சு. இப்ப மாத்தினா என் பேரு என்னய்யா ஆகும்?” என்றார். ஆறு நண்டின் கணக்கு அவர் கண்ணெதிரே கிடந்தது. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலையும் தூறல். அன்று மேசையிலிருந்து திரும்ப எடுத்து வந்த தாள் என் பெட்டியில் இருக்கிறது. கெட்ட நண்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நண்டுக்காரம்மா அன்று சொல்லிவிட்டார். முயல் இரத்தம் ஆய்வகத்தில் மிச்சமிருந்தது. உண்மை தெரிய எனக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்: போக ஐந்தரை, வர ஐந்தரை. பதினோரு ரூபாய்.